பிபி மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கும் என்கிறார்கள், ஆனால் கிரியேட்டினின் ஏறியிருக்கிறதே?

#1 மொட்டைமாடி
வணக்கம். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன மாதப் பரிசோதனையில் சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் போவது தெரிந்தது. பிபி 150/95. மருத்துவர் டெல்மிசார்டன் எழுதிக் கொடுத்து, "இது பிபிக்கு மட்டும் இல்லை, சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு" என்றார். சரி என்று ஆரம்பித்தேன். இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்தால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.0-இலிருந்து 1.2 ஆகியிருக்கிறது. பயந்துபோய்க் கேட்டால், "எதிர்பார்த்ததுதான், தொடருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

எதிர்பார்த்தது என்றால் என்ன அர்த்தம்? காப்பாற்ற வந்த மாத்திரை கழிவைத் தேங்க வைக்கிறது என்றால் அது எந்த வகைக் காப்பு? இன்னொன்றும் புரியவில்லை. சிறுநீரகம் என்பது வடிகட்டி. அதற்கும் பிபிக்கும் அப்படி என்ன உறவு? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

#2 சும்மா பார்ப்பவன்
நிறுத்திவிடுங்கள். கிரியேட்டினின் ஏறினால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

#3 ஓய்வு வாத்தியார்
தயவுசெய்து நிறுத்தாதீர்கள். #2 சொல்வது நல்ல மனதோடுதான், ஆனால் தவறு. முப்பது வருடம் உடலியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டி அலகுகள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நூல்கண்டு போல ஒரு நுண்குழாய் முடிச்சு. அதன் பெயர் குளோமருலஸ். வடிகட்டுவது அங்கேதான். உடம்பில் மற்ற இடங்களில் தமனி நுண்குழாயாகப் பிரியும், பிறகு சிரையாகச் சேரும். இங்கே மட்டும் முடிச்சுக்கு முன்னால் ஒரு நுண்தமனி, பின்னாலும் ஒரு நுண்தமனி. உள்ளே வருவது உட்செல் நுண்தமனி, அதை முன்வாசல் என்போம். வெளியே போவது வெளிச்செல் நுண்தமனி, அது பின்வாசல். இரண்டின் சுவரிலும் தசை இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகச் சுருங்கும், விரியும்.

இதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. முன்வாசலைச் சுருக்கினால் முடிச்சுக்குள் அழுத்தம் இறங்கும், வடிவது குறையும். பின்வாசலைச் சுருக்கினால் ரத்தம் வெளியேற வழியில்லாமல் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறும், வடிவது கூடும். உங்கள் மாத்திரை திறந்துவிட்டது பின்வாசலை. அதனால் வடிவது கொஞ்சம் குறைந்தது, கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியது. "எதிர்பார்த்தது" என்று அவர் சொன்னது இதைத்தான். ஏன் அது நல்லது என்பதை அப்புறம் சொல்கிறேன், கண் வலிக்கிறது.

#4 குழாய்க்கிறுக்கன்
வாத்தியார் ஐயா, நான் தொழிற்சாலையில் குழாய்களும் வால்வுகளும் பார்க்கிறவன். நீங்கள் சொல்வது ஒரே வரிசையில் இரண்டு வால்வு, நடுவில் வடிகட்டி. அழகான அமைப்பு! அந்த முடிச்சுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று எண்ணில் சொல்ல முடியுமா? எண் இல்லாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

#5 ஓய்வு வாத்தியார்
சொல்கிறேன். பாடநூல்களில் வரும் கணக்கு இது. முடிச்சுக்குள் ரத்தத்தின் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம். இது வெளியே தள்ளுகிறது. எதிர்ப்பு இரண்டு. முடிச்சைச் சுற்றியுள்ள பௌமானின் கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் திரவம் 18 அளவுக்குத் திருப்பித் தள்ளுகிறது. ரத்தத்தில் உள்ள புரதங்கள் 32 அளவுக்கு நீரைப் பிடித்து இழுக்கின்றன. 60-இல் 50 போனால் மிச்சம் 10. இந்தப் பத்தை நம்பித்தான் மொத்த வடிகட்டலும் நடக்கிறது. (மனிதனின் முடிச்சுக்குள் யாரும் ஊசி வைத்து நேராக அளந்ததில்லை. விலங்குகளில் அளந்ததிலிருந்து வந்த மதிப்பீடு.)

அந்தப் பத்தை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 125 மி.லி., நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது. நம் உடம்பில் பிளாஸ்மா, அதாவது செல்கள் நீங்கிய ரத்தத் திரவம், இருப்பதே 3 லிட்டர்தான். அதாவது ஒரே பிளாஸ்மா ஒரு நாளில் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கே போகிறது. எடையில் இவை உடம்பில் அரை சதவீதம்கூடத் தேறாது.

#6 மொட்டைமாடி
180 லிட்டரா?! சிறுநீர் ஒன்று, ஒன்றரை லிட்டர்தானே போகிறது. மீதி 178-ஐத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறதா? அப்படியானால் முதலில் வெளியே விடுவானேன்? வீண் வேலை இல்லையா?

#7 இரவுப்பணி
இதற்கு நான் பதில் சொல்கிறேன், டயாலிசிஸ் பிரிவில் செவிலியாக வேலை பார்க்கிறேன். மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது என்ன செய்வீர்கள்? குப்பையை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதைவிட, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப வைப்பது சுலபம். சிறுநீரகம் செய்வதும் அதுதான். குப்பை எது என்று அது தெரிந்துவைத்திருக்க வேண்டியதே இல்லை. வேண்டியது எது என்று தெரிந்தால் போதும். குளுக்கோஸ், அமினோ அமிலம், சோடியம் இவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். உடம்பு வாழ்நாளில் பார்த்தே இராத வேதிப்பொருள் வந்தாலும், யாரும் கூப்பிட்டு எடுக்காவிட்டால் அது தானாக வெளியே போய்விடும்.

எங்கள் இயந்திரம் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் ஓடும். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது, நாங்கள் செய்வது 12. அசல் சிறுநீரகம் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுப்பதில்லை. டயாலிசிஸுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு பிபி தொல்லையும் இருக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீர் எடுப்பது என்று நாங்கள் தராசில் எடை பார்த்து முடிவு செய்கிறோம். அந்த முடிவைச் சிறுநீரகம் நொடிக்கு நொடி தானே எடுத்துக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் உறைக்கும்.

#8 ஓய்வு வாத்தியார்
அருமையான விளக்கம், அம்மா. அதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிகிற 180 லிட்டரில் இருக்கும் உப்பு சுமார் ஒன்றரைக் கிலோ! நாம் சாப்பிடுவது ஒரு நாளைக்கு 10 கிராமைச் சுற்றி. உலக சுகாதார அமைப்பு சொல்வது 5 கிராமுக்குக் குறைவாக. எனவே திரும்ப எடுப்பதில் நூற்றில் அரைப் பங்கு பிசகினாலே உடம்பின் உப்புக் கணக்கு தலைகீழாகிவிடும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும், தண்ணீர் நின்றால் ரத்தத்தின் கன அளவு கூடும், கூடினால் பிபி ஏறும். மொட்டைமாடி கேட்ட "அப்படி என்ன உறவு" என்பதற்குப் பாதி பதில் இந்த ஒன்றரைக் கிலோவில் இருக்கிறது.

#9 குழாய்க்கிறுக்கன்
இப்போது எனக்கு வேறு கவலை. பிபி நாள் முழுக்க ஒரே அளவிலா இருக்கிறது? படியேறினால் கூடும், தூங்கினால் குறையும். சராசரி அழுத்தம் 100-இலிருந்து 125 ஆகிறது என்று வைப்போம், கால் பங்கு கூடுதல். வடிவதும் அதே விகிதத்தில் கூடினால் 180 லிட்டர் 225 ஆகும். திரும்ப எடுப்பது அதே 178 என்றால் சிறுநீர் 47 லிட்டர்! ஒரு மாடி ஏறி இறங்குவதற்குள் உடம்பு வற்றிவிடுமே. நடப்பதில்லை என்றால் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு வால்வு உட்கார்ந்திருக்கிறது.

#10 ஓய்வு வாத்தியார்
இருக்கிறது, ஒன்றல்ல இரண்டு. இந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த காலம் உண்டு.

முதலாவது எளிமையானது. உட்செல் நுண்தமனியின் தசைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளிருந்து அழுத்தி இழுத்தால் அது பதிலுக்குச் சுருங்கும். நரம்பும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம். பேலிஸ் என்பவர் ரத்தக்குழாய்களின் இந்தக் குணத்தை 1902-இலேயே எழுதிவிட்டார். பிபி ஏறியவுடன் சில நொடிகளில் முன்வாசல் தானாக ஒடுங்கிவிடும்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முடிச்சிலிருந்து வடிந்த திரவம் நுண்குழலில் இறங்கி, ஹென்லே வளைவு வழியாகக் கீழே போய், திரும்ப மேலே ஏறி வருகிறது. அப்படி வரும் குழல் நேராகப் போய்விடுவதில்லை. தான் எந்த முடிச்சிலிருந்து கிளம்பியதோ அதே முடிச்சின் இரண்டு வாசல்களுக்கும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு போகிறது. பத்து லட்சம் நெஃப்ரானிலும் இப்படியே. தொடும் இடத்தில் உள்ள செல் கூட்டத்துக்கு மாக்குலா டென்சா என்று பெயர். அந்தச் செல்கள் தங்களைக் கடந்து போகும் திரவத்தில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்க்கின்றன. உப்பு அதிகம் என்றால் மேலே வடிவது வேகமாக இருக்கிறது, வழியில் உறிஞ்ச நேரம் போதவில்லை என்று பொருள். உடனே அடினோசின் என்ற வேதிப்பொருள் வழியாகப் பக்கத்திலிருக்கும் முன்வாசலுக்குத் தகவல் போகிறது, வாசல் சுருங்குகிறது. (பெரும்பாலான உறுப்புகளில் அடினோசின் ரத்தக்குழாயை விரிக்கும். இங்கே சுருக்குகிறது. ஊருக்கெல்லாம் ஒரு வழி என்றால் சிறுநீரகத்துக்குத் தனி வழி.)

இந்த இரண்டும் சேர்ந்து, சராசரி ரத்த அழுத்தம் ஏறத்தாழ 80-இலிருந்து 170 வரை எங்கே இருந்தாலும் வடிகட்டலை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கின்றன. நீங்கள் பயந்த 47 லிட்டர் வராமல் போவது இதனால்தான்.

#11 இரவுப்பணி
இதில் ஒரு விஷயம் சேர்க்கலாமா? திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் குழலின் செல்கள் அடிபட்டு உப்பை உறிஞ்ச முடியாமல் போகிறது. உடனே மாக்குலா டென்சா வாசலை மூடிவிடுகிறது, சிறுநீர் நின்றுபோகிறது. நாங்கள் "செயலிழப்பு" என்று எழுதுகிறோம். 1976-இல் துராவ், பாய்லன் என்ற இருவர் இதைச் செயலிழப்பு என்று சொல்லாமல், சிறுநீரகத்தின் வெற்றி என்று சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். உறிஞ்ச முடியாத குழலில் 180 லிட்டரை விட்டுக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் ஆள் நீர் வற்றியே போய்விடுவார், அதைவிடக் கதவை மூடுவது மேல் என்பது அவர்கள் வாதம். படித்த அன்று அந்த நோயாளிகளின் சிறுநீர்ப் பைகளைப் பார்க்கிற என் பார்வையே மாறிவிட்டது.

#12 சும்மா பார்ப்பவன்
சரி, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்வது. உடம்பு முழுவதற்குமான பிபியை அது எப்படி மாற்றுகிறது?

#13 பழங்கதை
அதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதி. 1836-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் சுருங்கி இறந்தவர்களின் இதயம் பெருத்திருப்பதைக் கவனித்து எழுதினார். அப்போது கையில் பட்டை கட்டி பிபி பார்க்கும் கருவியே கிடையாது, அது வந்தது 1896-இல். இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று பிணப் பரிசோதனையை மட்டும் வைத்து ஊகித்த மனிதர்.

1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட் என்பவரும் அவர் மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். பிபி ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். பிறகு கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருடம் அதை யாரும் சீந்தவில்லை. 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சின்னக் கிளிப்பால் பாதி இறுக்கினார். நாய்க்கு நிரந்தரமாக பிபி ஏறிவிட்டது. ரத்தம் குறைவாக வந்த சிறுநீரகம், உடம்பு முழுக்க அழுத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரெனினைக் கொட்டியிருக்கிறது.

அப்புறம் 1939-40 வாக்கில் அமெரிக்காவில் ஒரு குழுவும் அர்ஜென்டினாவில் ஒரு குழுவும் ஒருவரை ஒருவர் அறியாமல், ரெனின் நேராக வேலை செய்வதில்லை, இன்னொரு பொருளை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஆஞ்சியோடோனின் என்றார், மற்றவர் ஹைப்பர்டென்சின் என்றார். இருபது வருடம் இரண்டு பெயரும் ஓடி, 1958-இல் சமரசமாக ஆளுக்குப் பாதி எடுத்து "ஆஞ்சியோடென்சின்" ஆக்கினார்கள்.

#14 ஓய்வு வாத்தியார்
பழங்கதைக்கு நன்றி, இங்கிருந்து நான் இழுத்துக்கொள்கிறேன். உட்செல் நுண்தமனியின் சுவரிலேயே ரெனினைச் சேமித்து வைத்திருக்கும் செல்கள் உள்ளன. அவை மூன்று காரணங்களுக்காக ரெனினை வெளிவிடும். வாசலில் அழுத்தம் குறைந்தால் விடும். மாக்குலா டென்சாவில் உப்பு குறைந்தால் விடும். பரிவு நரம்பு (உடம்பை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் நரம்பு) கட்டளையிட்டாலும் விடும். ரெனின், ஈரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின் ஒன்று ஆக்குகிறது. அது முக்கியமாக நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஏசிஇ என்ற நொதியால் ஆஞ்சியோடென்சின் இரண்டு ஆகிறது. இந்த இரண்டாவதுதான் ஆள். உடம்பு முழுக்கக் குழாய்களை இறுக்கும், தாகத்தைத் தூண்டும், அட்ரினல் சுரப்பியிடம் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை வாங்கி உப்பைப் பிடித்து வைக்கும்.

இவற்றோடு அது சிறுநீரகத்தில் பின்வாசலையும் இறுக்கும். ரத்தம் இழந்து பிபி விழும் வேளையில் இது உயிர்காக்கும் ஏற்பாடு. வரும் ரத்தம் குறைந்தாலும் பின்வாசலை நெருக்கி முடிச்சுக்குள் அந்த 60-ஐக் காப்பாற்றிவிடலாம்.

ஆனால் சர்க்கரை நோயில் அதே ஏற்பாடு காலை வாருகிறது. குளுக்கோஸோடு சேர்த்து உப்பையும் குழல் முன்கூட்டியே அதிகமாக உறிஞ்சிவிடுவதால், மாக்குலா டென்சாவுக்கு உப்பு குறைவாக வந்து சேர்கிறது. "வடிவது போதவில்லை போல" என்று தவறாக நினைத்து அது முன்வாசலைத் திறந்துவிடுகிறது. பின்வாசலோ இறுகியிருக்கிறது. நடுவில் முடிச்சு உப்பிப்போய், தேவைக்கு மேல் வடிகட்டுகிறது. ரிப்போர்ட்டில் எண் அழகாக இருக்கும். உள்ளே சல்லடை கிழிந்துகொண்டிருக்கும். அந்தக் கிழிசல் வழியாக வெளியே வந்ததுதான் மொட்டைமாடி பார்த்த ஆல்புமின்.

டெல்மிசார்டன் ஆஞ்சியோடென்சின் இரண்டின் வேலையைத் தடுத்து, பின்வாசலைத் தளர்த்தி அந்த உப்பலைக் குறைத்திருக்கிறது. ஆக, உங்கள் பழைய 1.0 என்பதில் ஒரு பகுதி கடன் வாங்கிய அழகு.

#15 மொட்டைமாடி
"கடன் வாங்கிய அழகு" என்ற இடத்தில் எனக்கு விளக்கு எரிந்தது ஐயா. அப்படியானால் எவ்வளவு ஏறினால் கவலைப்பட வேண்டும்?

#16 இரவுப்பணி
ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறுவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். உங்களுடையது 20. அதற்கு மேல் போனால் மருத்துவர் வேறு காரணம் தேடுவார். முக்கியமாக இரண்டு பக்கச் சிறுநீரகத் தமனியும் குறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். கோல்ட்பிளாட்டின் நாய் நிலைமையில் இருப்பவருக்கு, பின்வாசல் இறுக்கத்தை நம்பித்தான் வடிகட்டலே ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தளர்த்தினால் சட்டென்று சரியும். பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார்கள். இந்த மாத்திரையால் ஆல்டோஸ்டிரோன் குறைந்தால் பொட்டாசியம் தேங்கும், அது இதயத்துக்கு ஆபத்து.

அதைவிட நான் வார்டில் அடிக்கடி பார்ப்பது வலி மாத்திரைக் கதை. முன்வாசலை விரித்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் அதை நிறுத்திவிடும், முன்வாசல் ஒடுங்கும். உங்கள் மாத்திரை பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கூடவே நீர் பிரியும் மாத்திரையும் எடுத்து உடம்பில் நீர் குறைந்திருந்தால் மூன்றும் சேர்ந்து முடிச்சுக்குள் அழுத்தமே இல்லாமல் செய்துவிடும். தனித்தனியாக மூன்றும் நல்ல மருந்துகள்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் இந்தக் கூட்டணி இன்னும் மோசம். அந்த நாட்களில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#17 மட்டுறுத்துநர்
நல்ல இழை. தனிப்பட்ட மருந்தளவு பற்றி யாரும் ஆலோசனை எழுத வேண்டாம். #2-ஐ நீக்கவில்லை, பதில்கள் புரிய அது தேவைப்படுகிறது.

#18 எதிர்க்கேள்வி
முழுதும் படித்தேன். வாத்தியார் ஐயா சொல்வதில் ஒரு சாய்வு இருக்கிறது. பிபி என்றாலே சிறுநீரகம்தான் காரணம் என்பது போல ஆகிவிட்டது. ரத்தக்குழாய் விறைப்பதும் மூளையிலிருந்து வரும் நரம்புத் தூண்டலும் காரணம் இல்லையா? வயதானவர்களுக்கு மேல் எண் மட்டும் ஏறுவது பெரும்பாலும் பெருந்தமனி விறைப்பால்தானே?

#19 ஓய்வு வாத்தியார்
சாய்வு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காரணத்தோடு இருக்கிறது. பிபி ஏறினால் சிறுநீரகம் அதிக உப்பையும் நீரையும் வெளியேற்றும், அது பிபியைக் கீழே கொண்டுவரும். அமெரிக்க உடலியலாளர் ஆர்தர் கைட்டன் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இதைத்தான். குழாய் எவ்வளவு இறுகினாலும் சரி, அழுத்தம் ஏறினால் கூடுதல் உப்பை வெளியேற்றும் பழைய வழக்கத்தைச் சிறுநீரகம் விடாமல் இருந்தால் பிபி நாளடைவில் இறங்கியாக வேண்டும். இறங்காமல் நிற்கிறது என்றால் சிறுநீரகம் அந்த உயர்ந்த அழுத்தத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதானே பொருள்?

எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பிறவியிலேயே பிபி ஏறும் இனத்தின் சிறுநீரகத்தைச் சாதாரண எலிக்கு வைத்தால் அதற்கும் பிபி ஏறுகிறது. 1983-இல் மனிதர்களிலும் ஒரு சிறு ஆய்வு வந்தது. பிபியாலேயே சிறுநீரகம் இழந்த ஆறு பேருக்கு, பிபி இல்லாதவர்களின் சிறுநீரகம் பொருத்திய பிறகு பிபி இயல்புக்கு வந்தது. ஒற்றை மரபணுப் பிழையால் பிபி ஏறும் அரிய நோய்களை எடுத்துப் பாருங்கள், லிடில் நோய் போன்றவை, பெரும்பாலும் பிழை வந்து நிற்கும் இடம் சிறுநீரகம் உப்பைக் கையாளும் இடம்தான்.

#20 எதிர்க்கேள்வி
ஆறு பேர் என்பது ஆறு பேர்தான் ஐயா. நரம்பு விஷயத்தையும் விட்டுவிட்டீர்கள். சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பைக் குழாய் வழியாகப் போய்ச் சுட்டுத் துண்டிக்கும் சிகிச்சை 2014-இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில் தோற்றது. பிறகு திருத்திச் செய்த சோதனைகளில் பிபி ஓரளவு குறைந்தது, 2023-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. மூளை சொல்கிறது, சிறுநீரகம் செய்கிறது. குற்றவாளி யார்?

#21 ஓய்வு வாத்தியார்
நல்ல அடி. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், மூளை சொன்னாலும் செய்வது சிறுநீரகம். நான் பேசுவது கை யாருடையது என்று, நீங்கள் கேட்பது தூண்டியவர் யார் என்று. பெருந்தமனி விறைப்பு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அங்கே என் வாதம் பலவீனம்தான்.

#22 சும்மா பார்ப்பவன்
நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் "கழுவப்பட்டு" பிபி இறங்கும் என்கிறார்களே?

#23 இரவுப்பணி
இல்லை. கூடுதல் தண்ணீர் கூடுதல் சிறுநீராகப் போகும், அவ்வளவுதான். கல் வரும் உடம்புக்கு அது நல்லது. ஏற்கெனவே சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக இருப்பவருக்கு அதுவே நுரையீரலில் நீர் கோத்துவிடும். பிபிக்குக் குறைக்க வேண்டியது உப்பை.

#24 பழங்கதை
ஒரு கிளைக்கதை சொல்லாமல் போனால் தூக்கம் வராது. இந்த மருந்து வரிசையின் முதல் மாத்திரையான காப்டோபிரில் பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தைப் படித்ததிலிருந்து வந்தது. கடிபட்டவர்களுக்கு பிபி சரியும். விஷத்தில் உள்ள பெப்டைடுகள் ஏசிஇ நொதியை முடக்குகின்றன என்று தெரிந்து, குஷ்மன், ஒண்டெட்டி இருவரும் அதைப் பார்த்து வாயால் சாப்பிடக்கூடிய மருந்தை வடிவமைத்தார்கள். 1981-இல் அனுமதி. அந்த வகை மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மொட்டைமாடிக்குக் கொடுத்தது அடுத்த தலைமுறை, அதில் அந்த இருமல் அரிது.

#25 குழாய்க்கிறுக்கன்
கடைசியாக ஒரு சந்தேகம். சர்க்கரைக்குக் கொடுக்கும் டபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்கு நல்லது என்கிறார்கள். அது எந்த வால்வு?

#26 ஓய்வு வாத்தியார்
முன்வாசல். குழல் குளுக்கோஸோடு உப்பையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்றேனே, அந்தக் கதவை இது அடைக்கிறது. உப்பு மாக்குலா டென்சாவுக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது, அது தன் தவறான எண்ணத்தைத் திருத்திக்கொண்டு முன்வாசலைக் கொஞ்சம் ஒடுக்குகிறது. இதிலும் ஆரம்பத்தில் கிரியேட்டினின் சற்று ஏறும். சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் உண்டு என்று 2020-இல் வந்த பெரிய சோதனை காட்டியது. அவர்களிடம் இதே விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் பேச்சாகத்தான் இருக்கிறது.

#27 மொட்டைமாடி
ஆறு வாரம் கழித்து வந்திருக்கிறேன். கிரியேட்டினின் 1.2-இலேயே நிற்கிறது, ஏறவில்லை. பொட்டாசியம் 4.6. பிபி 128/80. சிறுநீர் ஆல்புமின் அளவு 310-இலிருந்து 190-க்கு வந்திருக்கிறது. மருத்துவரிடம் "பின்வாசல் திறந்ததால்தானே ஏறியது?" என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை பத்து நிமிடம் பேசினார்.

முழங்கால் வலிக்கு நானாகப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக்கையும் சொன்னேன். இதுவரை அவரிடம் சொன்னதே இல்லை. அதை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

#28 இரவுப்பணி
அதைப் போட்டுக்கொண்டேவா இத்தனை நாள் எங்களோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்?!